'மச்சி, ஒரு ப்ராக்ஸி போட்டுடு!' நட்பா, தப்பா? கல்லூரி மாணவர்களின் மனசாட்சி எப்படி வேலை செய்கிறது?

காலை முதல் பீரியட். வருகைப் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. "25... 26... 27..." ரோல் நம்பர் 27 வரவில்லை. தீபாவளி சீசன் என்பதால் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பார்ட் டைம் வேலை பார்க்கிறார். நேற்று கடை மூடி வீடு போய்ச் சேரவே நள்ளிரவு ஆகிவிட்டது. அவருடைய அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே 71 சதவீதம். 75-க்குக் கீழே போனால் தேர்வு எழுத கண்டொனேஷன் கட்ட வேண்டும். இன்னும் இறங்கினால் ஹால் டிக்கெட்டே சந்தேகம். காலையில் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறார்: "மச்சி, ஒரு ப்ராக்ஸி போட்டுடு டா."

கடைசி பெஞ்சில் இருக்கும் நண்பர் என்ன செய்ய வேண்டும்?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மயிலாப்பூர், நந்தனம், தேனாம்பேட்டை, அடையாறு என எந்தப் பக்கம் கல்லூரியில் படித்தவரிடம் கேட்டாலும், "அட, இது எங்க கிளாஸ்ல தினமும் நடக்குமே" என்பார்கள். (இதை எழுதுபவரும் மூன்று வருடத்தில் எத்தனை முறை குரலை மாற்றி "எஸ் சார்" சொன்னார் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.)

சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ஒரு மாணவரின் குணத்துக்கும், அவர் சரி-தப்பை யோசிக்கும் விதத்துக்கும், கடைசியில் அவர் செய்யும் காரியத்துக்கும் என்ன தொடர்பு என்பதை உளவியல் துறை நூறு ஆண்டுகளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறது. அதில் கிடைத்த விடைகள் பல பெற்றோரையும் பேராசிரியர்களையும் ஆச்சரியப்படுத்தும்.

ஏன் இதைப் பேச வேண்டும்?

2015 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். அடையாறு கரை தாண்டி ஓடியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் தண்ணீரில். மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. அப்போது இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பால் பாக்கெட்டும் சாப்பாட்டுப் பொட்டலமும் தூக்கிக்கொண்டு போனவர்களில் கல்லூரி மாணவர்கள் ஏராளம். 'இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லை' என்று அதுவரை சொல்லிவந்த பலர் அந்த வாரம் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்படியே 2019-க்கு வாருங்கள். ஜூன் மாதம் 'பஸ் டே' கொண்டாட்டத்தில் மாநகரப் பேருந்தின் கூரை மேல் ஏறிய மாணவர்கள், வண்டி பிரேக் போட்டதும் கொத்தாகச் சாலையில் விழுந்த வீடியோவை நாடே பார்த்தது. அடுத்த மாதமே அரும்பாக்கத்தில், பட்டப்பகலில், பேருந்தில் வந்த மாணவர்களைச் சக மாணவர்களே பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். காரணம், 'ரூட் தல' போட்டி.

ஒரே நகரம், ஒரே வயது, ஒரே மாதிரிக் குடும்பங்கள். அப்படியென்றால் இந்த மாணவர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா? கேள்வியே தவறு என்பதுதான் உளவியல் சொல்லும் முதல் விஷயம்.

'எது சரி' என்று எப்படி யோசிக்கிறோம்?

இந்த ஆய்வுகளுக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க். 1958-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் 72 சிறுவர்களிடம் சில சிக்கலான கதைகளைச் சொல்லிக் கேள்வி கேட்டார். அதில் மிகப் பிரபலமானது ஹைன்ஸ் கதை. மனைவி புற்றுநோயில் சாகக் கிடக்கிறார். மருந்தைக் கண்டுபிடித்த கடைக்காரர், 200 டாலர் செலவில் தயாரித்த மருந்துக்கு 2,000 டாலர் கேட்கிறார். ஹைன்ஸ் அலைந்து திரிந்தும் 1,000 டாலர்தான் புரட்ட முடிந்தது. கடைக்காரர் இறங்கி வரவில்லை. ஹைன்ஸ் கடையை உடைத்து மருந்தைத் திருடலாமா?

திருடலாம் என்றாலும் கூடாது என்றாலும் கோல்பெர்க் மதிப்பெண் போடவில்லை. 'ஏன்' என்று கேட்டபோது வந்த பதிலைத்தான் பார்த்தார். அந்தக் காரணங்களை ஆறு படிகளாக அடுக்கினார். நம்ம ரோல் நம்பர் 27 விவகாரத்தை வைத்தே பார்த்தால் எளிதாகப் புரியும்.

"மாட்டிக்கிட்டா ஹெச்.ஓ.டி வீட்டுல இருந்து ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லுவாரு, நமக்கெதுக்கு வம்பு?" என்று ஒதுங்கினால் அது முதல் படி. தண்டனை பயம், அவ்வளவுதான். "போன வாரம் எனக்கு அவன் போட்டான், இன்னைக்கு நான் போடுறேன்" என்பது இரண்டாவது படி. கொடுக்கல் வாங்கல். "நான் போடலைன்னா கிளாஸ்ல என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க? நண்பன்னு சொல்லிக்கிட்டு இது கூடச் செய்யலைன்னா எப்படி?" இது மூன்றாவது படி. நம்மைச் சுற்றி இருப்பவர்கள் நம்மை நல்லவன் என்று நினைக்க வேண்டும்.

நான்காவது படியில் இருப்பவர், "ரூல்னா ரூல். ஆளாளுக்கு இப்படிப் பண்ணா அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்கு என்ன மரியாதை?" என்பார். ஐந்தாவது படியில் இருப்பவரோ விதியையே கேள்வி கேட்பார்: "வேலைக்குப் போய்ப் படிக்கிற பையனையும், வீட்டுல சும்மா தூங்குற பையனையும் ஒரே 75 சதவீதத்துல அளக்கிறது நியாயமா? நியாயம் இல்லைன்னா அதை மாத்தச் சொல்லி பிரின்சிபால்கிட்டப் போய்ப் பேசுவோம். கள்ளக்குரல் குடுத்து என்ன பிரயோஜனம்?" ஆறாவது படி, எந்தச் சட்டத்துக்கும் மேலான பொதுவான அறக்கொள்கைப்படி முடிவெடுப்பது. அந்தப் படியில் நிற்கும் ஆட்களைக் கண்டுபிடிப்பது கோல்பெர்க்குக்கே சிரமமாகிவிட்டது. பிற்பாடு தன் அளவீட்டிலிருந்து அதை எடுத்தே விட்டார்.

கவனியுங்கள். முதல் படியில் இருப்பவரும் நான்காம் படியில் இருப்பவரும் செய்வது ஒன்றுதான், ப்ராக்ஸி போடவில்லை. ஆனால் வெவ்வேறு மனிதர்கள். கேமரா இல்லாத வகுப்பில் முதலாமவர் போட்டுவிடுவார்.

கோல்பெர்க்கின் வழியில் வந்த ஜேம்ஸ் ரெஸ்ட், 1970-களில் இதை ஒரு எழுத்துத் தேர்வாகவே மாற்றினார். கதையைக் கொடுத்து, முடிவெடுக்க எந்தெந்தக் காரணம் முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொல்வார்கள். உலகம் முழுக்கக் கல்லூரி மாணவர்களிடம் அதிகம் பயன்படுத்தப்பட்ட தேர்வுகளில் இதுவும் ஒன்று. பெரியவர்களிடத்தில் வயதைவிட, எத்தனை வருடம் கல்லூரியில் படித்தார்கள் என்பதோடுதான் மதிப்பெண் அதிகம் ஒத்துப்போனது. அதாவது அந்த மூன்று நான்கு வருடங்கள் உண்மையிலேயே எதையோ செய்கின்றன.

குணம் எங்கே வருகிறது?

யோசிக்கும் விதம் ஒரு பக்கம். ஆளுமை, அதாவது ஒருவரின் நிலையான சுபாவம், இன்னொரு பக்கம். இன்று உளவியலாளர்கள் பெரும்பாலும் ஐந்து குணங்களை அளக்கிறார்கள்: புதியவற்றுக்குத் திறந்த மனம், பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, அனுசரித்துப் போகும் தன்மை, சட்டெனப் பதறும் தன்மை. இதில் ஆறாவதாக 'நேர்மையும் பணிவும்' என்ற குணத்தையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள் மைக்கேல் ஆஷ்டன், கிபியம் லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சுவாரசியமான விஷயம் தெரிகிறது. கோல்பெர்க் படியில் மேலே நிற்பவர்களிடம் 'திறந்த மனம்' சற்று அதிகம். நிறையப் படிப்பது, மாற்றுக் கருத்தைக் காது கொடுத்துக் கேட்பது, கேள்வி கேட்பது. ஆனால் தேர்வில் காப்பி அடிக்காமல் இருப்பவர்களிடம் அதிகம் தெரிவது 'பொறுப்பும் ஒழுங்கும்'.

புரிகிறதா? அழகாக வாதாடும் மாணவர் ஒருவர், காப்பி அடிக்காத மாணவர் இன்னொருவர். இருவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒழுங்கான மாணவர் காப்பி அடிக்காததற்குக் காரணம் பெரிய அறச் சிந்தனையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முந்தின வாரமே படித்து முடித்திருப்பார். அவருக்குக் காப்பி தேவைப்படாது.

நன்றாக யோசிப்பவர் நல்லதைச் செய்வாரா?

இந்தக் கேள்விக்கு மிகப் பழைய பதில் 1928-ல் வந்தது. ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் அமெரிக்காவில் சுமார் 11,000 பள்ளிப் பிள்ளைகளை ஏமாற்ற வாய்ப்புள்ள சூழலில் வைத்துப் பார்த்தார்கள். தேர்வுத் தாளில் விடையைத் திருத்தலாம், விளையாட்டில் கணக்கைக் கூட்டிச் சொல்லலாம், காசை அமுக்கலாம். 'நேர்மையான பிள்ளைகள்', 'ஏமாற்றும் பிள்ளைகள்' என்று இரண்டு கூட்டம் பிரியும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பிரியவில்லை. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. சூழல் மாறினால் நடத்தையும் மாறியது.

இன்னும் மனதைத் தைக்கும் ஆய்வு, பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரிடம் நடந்தது. 1973-ல் வெளியான இந்த ஆய்வைச் செய்தவர்கள் ஜான் டார்லி, டேனியல் பேட்சன். மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச்சு கொடுக்கப் போகச் சொன்னார்கள். அதில் பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஓர் ஆள் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள்.

யார் நின்று உதவினார்கள்? நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம். 'ஏற்கெனவே லேட், ஓடு' என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். என்ன தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. உதவி செய்வது பற்றிப் பேச ஓடியவர்களே, உதவி தேவைப்பட்டவரைத் தாண்டிப் போனார்கள்.

காலை 9 மணிக்கு லஸ் கார்னர் சிக்னலில், இன்டர்னல் தேர்வுக்கு நேரமாகிவிட்ட மாணவரின் பைக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒரு பெரியவர் சறுக்கி விழுகிறார். அந்த மாணவரின் நல்ல குணத்தைவிட, அவருடைய வாட்ச் அதிகம் முடிவு செய்யும்.

இந்த இடத்தில் ஒரு உபகதை. 'படிவத்தின் தொடக்கத்திலேயே நேர்மை உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினால் மக்கள் குறைவாகப் பொய் சொல்வார்கள்' என்று 2012-ல் ஓர் ஆய்வு வந்து உலகமே கொண்டாடியது. 2021-ல் அது திரும்பப் பெறப்பட்டது. காரணம், அதில் இருந்த தரவுகளே புனையப்பட்டவை என்று தெரிந்ததுதான். நேர்மை பற்றிய ஆய்விலேயே மோசடி! எந்த உளவியல் ஆய்வையும் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும், இந்தக் கட்டுரையில் சொல்பவை உட்பட.

நட்பு என்ற பெரிய தராசு

கோல்பெர்க்கின் ஏணியில் ஒரு கோளாறு இருக்கிறது. நண்பனுக்காகச் செய்வதை அவர் மூன்றாவது படியில் உட்கார வைத்தார். சட்டம் அதற்கு மேல், கொள்கை அதற்கும் மேல். அவருடைய ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண் பிள்ளைகள் என்பதைச் சுட்டிக்காட்டி, 1982-ல் கரோல் கில்லிகன் ஒரு புத்தகமே எழுதினார். உறவையும் அக்கறையையும் வைத்து யோசிப்பது கீழ்ப்படி இல்லை, வேறொரு வழி என்பது அவர் வாதம்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு மைசூரில் நடந்தது. ஜோன் மில்லர், டேவிட் பெர்சாஃப் இருவரும் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்திலும் மைசூரிலும் சிறுவர்கள், இளைஞர்களிடம் கதைகளைச் சொல்லிக் கேட்டார்கள். 1992-ல் வெளியான அந்த ஆய்வில் ஒரு கதை: உயிர் நண்பனின் கல்யாணத்துக்கு மோதிரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவரின் பர்ஸ் தொலைந்துவிட்டது. ரயில் நிலையத்தில் ஒரு பணக்காரரின் கோட்டில் டிக்கெட் துருத்திக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் நண்பனின் கல்யாணத்தைக் காப்பாற்றுவதா, திருடக் கூடாது என்று உட்கார்ந்துவிடுவதா?

நியூ ஹேவன்காரர்களைவிட மைசூர்க்காரர்கள் மிக அதிகமாக நண்பன் பக்கம் நின்றார்கள். முக்கியமான விஷயம், 'தப்புதான், ஆனா என்ன பண்றது' என்று அவர்கள் அதைச் சொல்லவில்லை. நண்பனுக்குச் செய்வது கடமை, செய்யாமல் விடுவதுதான் தப்பு என்றார்கள்.

இப்போது ரோல் நம்பர் 27-க்குத் திரும்புவோம். "எஸ் சார்" சொல்லும் அந்த நண்பர், தான் நேர்மையை விட்டுக்கொடுத்ததாக நினைப்பதில்லை. ஒரு கடமையைச் செய்ததாகவே நினைக்கிறார். பேராசிரியர் அதைப் பொய் என்கிறார், மாணவர் அதை விசுவாசம் என்கிறார். இருவரும் வேறு வேறு தராசில் நிறுக்கிறார்கள். வேல்யூ எஜுகேஷன் வகுப்பில் 'பொய் சொல்லக் கூடாது' என்று பத்து முறை சொன்னாலும் இறங்காமல் போவது இதனால்தான்.

அந்த விசுவாசத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. 'ரூட் தல' கலாச்சாரம் நட்பின் மொழியில்தான் பேசுகிறது. நம்ம ரூட், நம்ம பசங்க, நம்ம காலேஜ். ஒரே பேருந்தில், ஒரே ரயிலில் தினமும் ஒரு மணி நேரம் ஒன்றாக வரும் மாணவர்களுக்கு அந்தக் கூட்டம்தான் நகரத்தில் கிடைக்கும் முதல் பாதுகாப்பு, முதல் மரியாதை. பலர் வெளியூர்ப் புறநகர்களில் இருந்து வருபவர்கள், வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். தனியாகப் பேசினால் வெட்டுக்குத்து தப்பு என்று எல்லோருமே சொல்வார்கள். கோல்பெர்க் தேர்வு வைத்தால் நல்ல மதிப்பெண்கூட வாங்கலாம். ஆனால் கூட்டம் கூடி, ஒருவன் 'நம்ம பையனை அடிச்சுட்டானுங்க' என்று கத்தும்போது, யோசிப்பதற்கான நேரம் பூஜ்யம். பிரின்ஸ்டன் மாணவர்களுக்குக் கடிகாரம் செய்ததை இங்கே கூட்டம் செய்கிறது.

2024 அக்டோபரில் இதற்கு ஓர் உயிர் போனது. சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே வேறொரு கல்லூரி மாணவர்கள் தாக்கியதில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சிகிச்சை பலனின்றி இறந்தார். அவர் மகனைக் கல்லூரிக்கு அனுப்பிய வீட்டையும், கைதானவர்களின் வீடுகளையும் நினைத்தால், 'கெட்ட பசங்க' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட மனம் வரவில்லை. அவர்களில் பலர் மறுநாள் காலை தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள்.

அதே கூட்டம், வேறு முடிவு

கூட்டம் என்றாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மெரினா ஓரம், மயிலாப்பூர் எல்லையில் இருக்கும் ராணி மேரிக் கல்லூரி இதற்கு நல்ல உதாரணம். 1914-ல் தொடங்கிய, சென்னையின் முதல் மகளிர் கல்லூரி. 2003-ல், முதல்வர் ஜெயலலிதா தலைமையிலான அரசு அந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப் போவதாக அறிவித்தது. மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆசிரியைகளும் பழைய மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஆதரவு தெரிவிக்க உள்ளே போன மு.க.ஸ்டாலின் கைது செய்யப்பட்டது அப்போது பெரிய அரசியல் செய்தி. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கல்லூரி இன்றும் அங்கேயே இருக்கிறது.

அந்த மாணவிகளைக் கோல்பெர்க் ஏணியில் எங்கே வைப்பது? 'நம்ம காலேஜ்' என்ற பாசம் இருந்தது, அது மூன்றாவது படி. 'அரசு சொன்னாலும் இது நியாயமில்லை' என்ற கேள்வி இருந்தது, அது ஐந்தாவது படி. இரண்டையும் பிரிக்க முடியாது. பாசம் இல்லாமல் வெறும் கொள்கைக்காக யாரும் ஏப்ரல் வெயிலில் நாள்கணக்கில் உட்கார மாட்டார்கள். கில்லிகன் சொன்னது இதைத்தான் என்று படுகிறது.

2017 ஜனவரி 17-ல் விவேகானந்தர் இல்லம் எதிரே சில நூறு பேரோடு தொடங்கிய ஜல்லிக்கட்டுப் போராட்டமும் அப்படித்தான். முதல் சில நாட்கள் அங்கே போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாணவர்களே போக்குவரத்தைச் சரி செய்தார்கள், குப்பை பொறுக்கினார்கள், பெண்கள் ராத்திரியிலும் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதே மாணவர்களில் எத்தனை பேர் அந்த செமஸ்டரில் ப்ராக்ஸி போட்டிருப்பார்கள்? கண்டிப்பாகப் பாதிப் பேராவது இருப்பார்கள் என்று எழுதியவருக்கு ஒரு சந்தேகம்.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், கூட்டத்தில் 'நாம இப்படித்தான் நடந்துக்குவோம்' என்று எது எழுதாத விதியாகிறது என்பதில்தான். அமெரிக்காவில் டொனால்ட் மெக்கேப், லிண்டா ட்ரெவினோ இருவரும் 31 கல்லூரிகளில் 6,000-க்கும் அதிகமான மாணவர்களிடம் கேட்டு 1993-ல் வெளியிட்ட ஆய்வு இதையே சொன்னது. ஒரு மாணவர் காப்பி அடிப்பாரா என்பதை அதிகம் தீர்மானித்தது, பிடிபடுவோம் என்ற பயமோ தண்டனையின் கடுமையோ இல்லை. கூடப் படிப்பவர்கள் காப்பி அடிக்கிறார்களா என்பதுதான்.

கல்லூரிகள் என்ன செய்கின்றன?

நம் ஊரில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம் படித்தவர்களுக்கு வேல்யூ எஜுகேஷன் என்ற தாள் ஞாபகம் இருக்கும். பார்ட் 4-ல் வரும். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்கி, 'வாய்மையின் சிறப்பு' பற்றி இரண்டு பக்கம் எழுதி பாஸ் பண்ணுவார்கள். பக்கத்துப் பையனின் பேப்பரைப் பார்த்தே எழுதியவர்களும் உண்டு. காமெடிதான், ஆனால் யாரையும் குறை சொல்ல முடியாது. மனப்பாடத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் மனப்பாடம்தான் வரும்.

மேல்மட்டத்திலும் இதே கதை. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறநெறிக்கென்றே 250 மதிப்பெண்ணுக்குத் தனித் தாள் இருக்கிறது. 2017 அக்டோபரில், அதை ஏற்கெனவே எழுதித் தேறி ஐ.பி.எஸ். பயிற்சியில் இருந்த ஓர் அதிகாரி, ஐ.ஏ.எஸ். ஆவதற்காக மீண்டும் முதன்மைத் தேர்வு எழுதியபோது, எழும்பூர் தேர்வு மையத்தில் ப்ளூடூத் கருவியோடு பிடிபட்டுக் கைதானார்.

ஆளுமை வளர்ச்சி வகுப்புகள் இன்னொரு வகை. கை குலுக்குவது எப்படி, இன்டர்வியூவில் எப்படி உட்காருவது. வேலைக்கு உதவும். மனசாட்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுவது வேறு. கோல்பெர்க்கும் அவருடைய மாணவர் மோஷே பிளாட்டும் 1975-ல் எழுதியது: விடை தெரியாத சிக்கல்களைக் கொடுத்து மாணவர்களையே ஒருவரோடு ஒருவர் வாதாட விட்டால், யோசிக்கும் விதம் மேலே ஏறுகிறது. ஆசிரியர் பிரசங்கம் செய்யக் கூடாது, 'ஏன்' என்று மட்டும் கேட்க வேண்டும். ஒரு படி மேலே யோசிக்கும் சக மாணவரின் வாதம்தான் பிடிக்கும். அதற்குச் செலவே இல்லை. "ரோல் நம்பர் 27-க்கு ப்ராக்ஸி போடலாமா?" என்று வேல்யூ எஜுகேஷன் வகுப்பில் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். தூங்குகிற பையன்கூட எழுந்து உட்காருவான்.

அங்கே ஒரு மாணவர் கண்டிப்பாகக் கேட்பார்: "சார், அவன் வேலைக்குப் போறான்னு காலேஜுக்குத் தெரியும்ல? ஏன் அதுக்கு ஒரு வழி இல்லை?" அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்ளக் கல்லூரி தயாராக இருக்க வேண்டும்.

பயோமெட்ரிக் வந்தால் பிரச்னை தீருமா?

பல கல்லூரிகளில் இப்போது கைரேகை, முக அடையாளம், செல்போன் ஆப் என்று வருகைப் பதிவு மாறிவருகிறது. ப்ராக்ஸி கஷ்டம். ஆனால் கோல்பெர்க் ஏணியில் பார்த்தால் மாணவரை மறுபடி முதல் படிக்கே இறக்கிவிட்டிருக்கிறோம். மாட்டிக்கொள்வோம், அதனால் செய்யவில்லை. ரோல் நம்பர் 27 இன்னும் ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டுதான் இருக்கிறார், அவருடைய 71 சதவீதம் 68 ஆகிறது.

இந்தப் பக்கம் இன்னொரு விஷயம் வேகமாக மாறிவிட்டது. அசைன்மென்டை ஏ.ஐ. எழுதிக் கொடுக்கிறது. முன்பெல்லாம் காப்பி அடிக்க ஒரு நண்பன் வேண்டும். அவன் நோட்டைக் கொடுத்தான், நாம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம், அதில் நன்றியும் கடனும் இருந்தது. மைசூர் ஆய்வில் வந்த அந்தக் கடமை உணர்வு அங்கே ஓரளவு பொருந்தியது. ஏ.ஐ.யிடம் காப்பி அடிக்கும்போது காப்பாற்ற நண்பன் யாரும் இல்லை. "ஏன் செஞ்ச?" என்று கேட்டால் மாணவர்கள் சொல்லும் பதில் அனேகமாக ஒன்றுதான்: "எல்லாரும்தான் பண்றாங்க சார்." மெக்கேப்பும் ட்ரெவினோவும் முப்பது வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்த அதே பதில்.